எல்லாமே மூலம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆசனவாய் வழியாகச் சதை வெளியே வந்தாலே மூலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் சின்னம்மாவுக்கு இருந்தது மலக்குடல் இறக்கம். களையெடுக்கக் குனிந்தாலும், இருமினாலும் குடல் வெளியே தள்ளும். ஈரத்துணியால் உள்ளே தள்ளிவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பார். மலம் கசியுமோ என்ற பயத்தில் பேத்தி கல்யாணப் பந்தியில்கூட உட்காரவில்லை. பெற்ற மகள்களிடமும் சொல்லவில்லை. 'ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம் குணம்' என்ற போர்டை நம்பிப் போய் ஊசி போட்டுக்கொண்டு, புண்ணோடு திரும்பினார்.

மூலம் தனித்தனி முடிச்சாகத் தெரியும். குடல் இறங்கினால் மடிப்புகள் வளையம் வளையமாக இருக்கும். படுக்கவைத்துப் பார்த்தால் சிலருக்குப் பிடிபடாது. குந்தி உட்கார்ந்து முக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சின்னம்மாவை அப்படிப் பார்த்த பெண் மருத்துவர் உடனே கண்டுபிடித்துவிட்டார்.

இதற்கு இப்போது வயிற்றைப் பெரிதாகக் கிழிக்க வேண்டியதில்லை. சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப்பியில் மலக்குடலின் முன்பக்கம் வலை வைத்துத் தைத்து, முதுகுத்தண்டின் அடி எலும்போடு இழுத்துப் பொருத்துகிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் நகர மருத்துவர்கள் 2004-இல் வெளியிட்ட முறை இது. குடலின் பின்புற நரம்புகளைத் தொடாததால், ஆபரேஷனுக்குப் பின் புதிதாக மலச்சிக்கல் வருவது குறைவு. சின்னம்மா மறுநாளே எழுந்து நடந்தார். மயக்க மருந்தும் வயிற்று ஆபரேஷனும் தாங்காத உடம்பென்றால், ஆசனவாய் வழியாகவே செய்யும் முறைகளும் உண்டு. ஆனால் அவற்றில் திரும்ப இறங்கும் வாய்ப்பு கூடுதல். எந்த முறையானாலும், வருடக்கணக்கில் தள்ளிப்போட்டால் ஆசனவாய்த் தசை தளர்ந்துவிடும். குடலைச் சரிசெய்த பிறகும் கசிவு முழுதாக நிற்காமல் போகலாம். கூச்சத்தால் பெண்கள் இழப்பது முழுதாகக் குணமாகும் வாய்ப்பைத்தான்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ஐம்பது வயது தாண்டிய பெண்களிடம், "வெளிக்குப் போகும்போது ஏதாவது இறங்குதாம்மா?" என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். 'ஆமாம்' என்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிறுத்தாமல், லேப்ராஸ்கோப்பி வசதியுள்ள அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பச் சொல்லி, சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.