லினக்ஸ் ஆய்வகத்தில் ‘சிடிபாத்’ கற்றுத்தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளின் லினக்ஸ் செய்முறை வகுப்புகளில் ஒரு கோப்புறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற உதவும் ‘சிடி’ கட்டளை தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அடிக்கடி போய்வரும் கோப்புறைகளுக்குக் குறுக்குவழி அமைக்கும் முறை, நான் பார்த்த கையேடுகளில் இல்லை. இறுதியாண்டு மாணவர்கள்கூட நான்கைந்து அடுக்குள்ள பாதையை ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்டச்சு செய்வதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

இந்த வசதிகள் ஒன்றும் புதியவை அல்ல. 1970களின் இறுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலிருந்து (ஷெல் என்பது நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வந்த ‘ஏலியாஸ்’ (கட்டளைக்கு நாம் வைக்கும் மாற்றுப்பெயர்), ‘புஷ்டி’, ‘பாப்டி’ (இருந்த இடத்தைக் குறித்துவைத்துத் திரும்ப உதவும் கட்டளைகள்) ஆகியவற்றையும், போர்ன் ஷெல் வழிவந்த, ‘சிடி’ தேட வேண்டிய பாதைகளின் பட்டியலை வைத்திருக்கும் ‘சிடிபாத்’ மாறியையும் இன்றைய பேஷ் ஷெல் ஒருசேரத் தருகிறது. ‘சிடி’யுடன் ஒரு கழித்தல் குறியை இட்டாலே முன்பிருந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம்.

குறுக்குவழி என்றதும் பலரும் ஏலியாஸைத்தான் சொல்கிறார்கள். இரண்டு மூன்று இடங்களுக்கு அது போதும். அதற்கு மேல் ஒவ்வொரு கோப்புறைக்கும் தனிப்பெயர் வைத்து நினைவில் கொள்வது வீண் சுமை. சிடிபாத்தில் தாய்க் கோப்புறையின் பாதையை ஒருமுறை எழுதிவிட்டால், அதற்கு நேர் கீழே உள்ள எந்தக் கோப்புறைக்கும், நாம் எங்கே இருந்தாலும், பெயரை மட்டும் கொடுத்துப் போய்விடலாம். நாளை அங்கே புதிதாக ஒன்றை உருவாக்கினாலும் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, அந்தப் பட்டியல் இப்போதுள்ள கோப்புறையைக் குறிக்கும் புள்ளியுடன் தொடங்க வேண்டும். இல்லையென்றால் கண்ணெதிரே இருக்கும் கோப்புறையை விட்டுவிட்டு, அதே பெயரில் வேறிடத்தில் இருப்பதற்குள் ஷெல் நுழைந்துவிடும். இரண்டாவது, சிடிபாத்தை ‘எக்ஸ்போர்ட்’ செய்யவே கூடாது, அதாவது ஷெல்லிலிருந்து தொடங்கும் பிற நிரல்களுக்கும் அது போகும்படி விடக் கூடாது. சிடிபாத் பட்டியலில் உள்ள ஒரு பாதையின் வழியாக இடம் மாறும்போது பேஷ் புதிய இடத்தின் முழுப் பாதையையும் வெளியீட்டில் எழுதும். ‘சிடி’யையும், இருக்கும் இடத்தின் பாதையைக் காட்டும் ‘பிடபிள்யூடி’யையும் அடுத்தடுத்து இயக்கி, அவற்றின் வெளியீட்டை ஒரு மாறியில் பிடித்துவைக்கும் ஸ்கிரிப்டுகள் (கட்டளைகளைத் தொகுத்து எழுதிய கோப்புகள்) பல உள்ளன, அங்கே பாதை இருமுறை பதிவாகி, காரணம் புரியாத பிழையில் போய் நிற்கும். எனவே, எக்ஸ்போர்ட் இல்லாமல் பேஷ் தொடங்கும்போது படிக்கும் பேஷ்ஆர்சி கோப்பில் மட்டும் எழுதுவதே சரி.

செய்முறைக் கையேடுகளைத் தயாரிக்கும் பேராசிரியர்கள், அடுத்த பதிப்பிலாவது சிடிபாத்தை இந்த இரு எச்சரிக்கைகளுடன் ஒரு தனிப் பயிற்சியாகச் சேர்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பயிற்றுநர் ஒருவர்,
திருநெல்வேலி.