மஞ்சப்பையில் ஏழு போன்

பென்னாகரம்
ஆடி 20

மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பதினெட்டுக்கு வீடு நிறைய ஒறம்பரை, பதில் எழுதப் பொழுதில்லை. மெரினாவுக்கு வாசலும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது, அதனால் போன்களில் உள்ள ஆப்கள் சொல்லும் இடத்தை வைத்தே கூட்டத்தை எண்ணப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாய். முந்தாநாள் ஒகேனக்கல்லில் உன் நினைப்புதான் போ.

வேனில் 19 பேர். போன் எத்தனை என்று எண்ணினேன்: ஏழு. அதில் இரண்டு மச்சானுடையது. ஆயாவிடம் இருப்பது பட்டன் போன், அதில் எந்த ஆப் இருந்து அவள் போன இடத்தைச் சொல்லப்போகிறது? குளிக்கப் போகுமுன் ஏழையும் மஞ்சப்பையில் போட்டு டிரைவரிடம் கொடுத்துவிட்டோம். உன் கணக்குப்படி ஆற்றில் ஒருத்தரும் கால் நனைக்கவில்லை. ஆயாவின் பட்டன் போன் போக, ஆறு பேர் மூன்று மணி நேரம் வண்டி நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்!

சாயங்காலம் பையை வாங்கிப் பார்த்தால் என் போன் அக்கரை டவரைப் பிடித்து, கன்னடத்தில் குறுஞ்செய்தி வாங்கி வைத்திருந்தது. டவரை நம்பினால் நான் கர்நாடகா போய்வந்தவன். ஜிபிஎஸ் திறந்தவெளியில் சில மீட்டருக்குள் சொல்லிவிடும், சரி. ஆனால் அது மஞ்சப்பையைத்தானே சொல்லும்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலோரத்தை வைத்து 2020இல் வந்த ஆய்விலும் ஆள் நின்று எண்ணிய கணக்கோடு ஒப்பிட்டுத்தானே போன் கணக்கைச் சரிசெய்தார்கள். நீயும் எண்ணு. ஆனால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிவிட்டு, ஒரு போனுக்கு இத்தனை பேர் என்று வருஷம் முழுக்கப் பெருக்காதே. விடிகாலையில் நடக்க வருகிறவரிடம் ஆளுக்கொரு போன் இருக்கும். காணும் பொங்கலுக்கு வரும் குடும்பத்தில் பாதி குழந்தைகள். கடலில் இறங்குகிறவன் போனைக் கரையில் இருப்பவன் மடியில்தான் போடுவான். ஒவ்வொன்றுக்கும் தனியாக எண்ணவேண்டும்.

போன் தகவலில் பெயரை எடுத்துவிட்டுத்தான் தருகிறார்கள் என்கிறாய். 2013இல் 15 லட்சம் பேரின் போன் தடத்தைப் பார்த்தவர்கள், எப்போது எங்கே இருந்தார் என்று நாலு புள்ளி கிடைத்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றார்களே, மறந்துவிட்டாயா? நம்மூரில் அதற்கு நாலு புள்ளிகூட வேண்டாம், ஒரு டீக்கடை போதும். அது வேறு விஷயம். நீ வெளியிடும்போது மொத்தக் கூட்டத்தை மட்டும் வெளியிடு, ஒற்றை ஆளின் தடம் வேண்டாம்.

தண்ணீர் வடிந்து பரிசல் விட்டதும் சொல்கிறேன், வா. பாறைமேல் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தலை எண்ணுவோம். எண்ணெய் தேய்க்கிறவரிடமும் கேட்கலாம். அன்றைக்கு எத்தனை பாட்டில் தீர்ந்தது என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

தங்கச்சிக்குப் புளி கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்