படம் எடுக்க வருகிறவர்களே, பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

பழைய வடஆர்க்காட்டின் ஊர்த் திருவிழாக்களுக்குக் கேமராவோடு வரும் ஒளிப்படக் கலைஞர்களுக்கு,

வணக்கம். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்திலும், தை பிறந்தபின் நடக்கும் எருது விடும் விழாக்களிலும், திரௌபதியம்மன் கோயில் திடல்களில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்திலும் உங்களைப் பார்க்கிறேன். கூட்டத்தில் இடிபட்டு, உறக்கம் துறந்து நீங்கள் எடுக்கும் படங்கள் எங்களுக்கும் வேண்டும். ஆனால் அவற்றில் இருப்பவர்களுக்கு ஏன் பெயரே இல்லை என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் தந்தையார் கூத்தில் நாற்பது ஆண்டுகள் கட்டை வேடம் (மரத்தால் செய்த கிரீடமும் அணிகளும் பூணும் அரச வேடம்) கட்டியவர். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் தரித்துத் துரியோதனனாக அவர் நின்ற படம் ஒன்று ஒரு கண்காட்சியில் ஆள் உயரத்துக்குத் தொங்கியதை, உறவினர் ஒருவர் செல்பேசியில் எடுத்து அனுப்பிய பிறகே அறிந்தோம். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் இருந்தது. அப்பாவுக்கு 'கிராமியக் கலைஞர்' என்ற இரண்டு சொற்கள் மட்டும். அவர் காலமானபோது மாலை போட்டு வைக்க வீட்டில் நல்ல படம் ஒன்றுகூட இல்லாமல், வாக்காளர் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி வைத்தோம்.

சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் நம் மக்களின் படங்களைப் பெரும்பாலும் சாதிப் பெயரின் கீழேயே அச்சிட்டார். மூக்கையும் மண்டையையும் அளந்து மனிதரை வகைபிரித்த காலம் அது. அளவுகோல் போய்விட்டது, முகத்தை வகைக்கு மாதிரியாக வைக்கும் பழக்கம் மட்டும் உங்கள் படக்குறிப்புகளில் தங்கிவிட்டது என்பது என் வருத்தம்.

பெயர் கேட்பது மரியாதைக்காக மட்டுமன்று, படத்துக்கும் நல்லது. பாரதக் கூத்தின் கடைசிக் கட்டமான பதினெட்டாம் போர் முடிந்து, போர்க்களமாகப் பாவிக்கும் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தருகே திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு, உங்களில் பலர் கிளம்பிவிடுகிறீர்கள். அதற்கப்புறம்தான் கூத்தர் ஒரு மூலையில் உட்கார்ந்து, கயிறு அழுத்திய தோளைத் தடவிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தொட்டு முகச்சாயத்தைத் துடைப்பார். பாதி முகம் சிவப்பாகவும் பாதி முகம் அவருடையதாகவும் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் துரியோதனனும் இருப்பார், மறுநாள் கழனிக்கோ தறிக்கோ போகவேண்டிய மனிதரும் இருப்பார். அப்போது எதிரே உட்கார்ந்து, ஊர் எது, வாத்தியார் யார், முதன்முதலில் கட்டிய வேடம் எது என்று கேட்டுவிட்டுப் பிறகு கேமராவை எடுத்துப் பாருங்கள். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸில் கிடைக்காத முகம் கிடைக்கும்.

கூத்து நடக்கையில் ஆடுகிறவர் கண்ணில் பிளாஷ் அடிக்காதீர்கள். பாட்டும் அடவும் ஒருசேரத் தடுமாறும். சாமி வந்து ஆடுகிறவரை எடுத்தால், தெளிந்தபின் அவரிடம் காட்டி, வெளியிடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

பெயர், ஊர், வேடம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தோடு எழுதி வையுங்கள். பெயர் போட வேண்டாம் என்பவர் விருப்பத்தையும் மதியுங்கள். பிறகு ஒரு பிரதியை அச்சிட்டு, அடுத்த ஆண்டு அதே ஊருக்கு வரும்போது அவர் கையில் கொடுங்கள். முகவரி தொலைந்துவிட்டால் கோயில் தர்மகர்த்தாவிடமோ திடலருகே உள்ள டீக்கடையிலோ படத்தைக் காட்டிக் கேளுங்கள், வீடு வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். கண்காட்சியில் தொங்கிய அந்தப் படத்தை எடுத்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், அதன் பிரதி ஒன்று எங்களுக்கு வேண்டும். அம்மா இன்னும் சுவரில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கட்டை வேடக் கூத்தரின் மகள்,
குடியாத்தம் வட்டம்.