ஒரு தாளுக்கு 200 யென்: அனிமே தயாரிப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜப்பானிய அனிமே (அசைவூட்டப் படத்) தொடர்களுக்கு முதல் போடும் பதிப்பகங்கள், தொலைக்காட்சி நிலையங்கள், இசை, பொம்மை நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்த தயாரிப்புக் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 2023இல் அனிமே சந்தையின் மதிப்பு 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்த பணம். அந்த வெளிநாட்டு ரசிகர்களுள் ஒருவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இரண்டு முதன்மைச் சித்திரங்களுக்கு இடையிலான அசைவை வரைபவர், அடியில் விளக்கெரியும் பலகையில் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, விரலிடுக்கில் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒவ்வொரு கோட்டையும் இழுக்கிறார். இன்று பலர் டேப்லெட்டில் வரைந்தாலும் கூலி என்னவோ தாள் கணக்குதான். தாளுக்கு 200 யென் என்று வைத்தால், மாதம் 500 தாள் வரைந்தாலும் கையில் நிற்பது ஒரு லட்சம் யென்; டோக்கியோவில் வாடகை கொடுத்தபின் மிச்சம் என்ன இருக்கும்? அனிமேஷன் படைப்பாளர் சங்கம் 2015இல் வெளியிட்ட ஆய்விலும் இப்பிரிவினரின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 11 லட்சம் யென்தான்.

குறை சொன்னால், ஓவியர்களை வைத்துத் தொடரை உருவாக்கித் தரும் ஸ்டுடியோவைக் கைகாட்டுவது உங்கள் வழக்கம். ஆனால் தயாரிப்புச் செலவுக்கான தொகையை நிர்ணயிப்பது நீங்கள். ஸ்டுடியோவும் முதல் போட்டிருந்தாலொழிய, தொடர் எவ்வளவு ஓடினாலும், பொம்மைகள் எவ்வளவு விற்றாலும், அதற்குப் பேசிய தொகைக்கு மேல் பங்கு வருவதில்லை. இல்லாத பணத்தை அது யாருக்குப் பகிர்ந்தளிக்கும்?

அறுபதுகளில் டோயி என்ற அனிமே நிறுவனத்தின் ஓவியர்கள் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற இயக்குநர்களான மியாசாகியும் தகாஹாதாவும் அச்சங்கத்தில் முன்னின்றவர்கள். அன்று ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்ததால் ஒன்றுகூட முடிந்தது. இன்று கணிசமானோர் வீட்டிலிருந்து வரையும் தனி ஒப்பந்தக்காரர்கள். வேலைநிறுத்தம் செய்து கூடி நிற்க அவர்களுக்கு ஒரு நிறுவன வாசல்கூட இல்லை. இத்தகைய தனி ஒப்பந்தக்காரர்களுக்காக ஜப்பானில் 2024 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒப்பந்த நிபந்தனைகளை எழுத்தில் தரவும் 60 நாளுக்குள் பணம் கொடுக்கவும் சொல்கிறது. நல்லது, ஆனால் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

ஆகவே, அடுத்த தொடருக்காக நீங்கள் கூடும்போது, விளம்பரத்துக்கான தொகையைப் பேசுவதற்கு முன்பே, ஒரு தாளுக்கான குறைந்தபட்சக் கூலியையும், பிற்கால வருவாயில் ஸ்டுடியோவுக்கும் வரைந்தவர்களுக்கும் சேர வேண்டிய விகிதத்தையும் உங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு ரசிகன்