ஒரு வரிப் புகார்

ஆசிரியருக்கு,

இலவச அலுவலக மென்பொருள் ஒன்றில் பழைய கோப்பைத் திறந்தேன். அட்டவணை முழுக்கக் கலைந்து கிடந்தது. கோபத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று ஒரே வரியில் புகார் அனுப்பினேன். ‘எந்தப் பதிப்பு? மாதிரிக் கோப்பு உண்டா?’ என்று பதில் வந்தது. கேட்டவர் தன்னார்வலர். அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

2010-இல் ஓப்பன் ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளிலிருந்து பிரிந்து தனி மென்பொருளான லிப்ரே ஆபிஸையே பாருங்கள். நிரல் எழுதுபவர்களில் பலர் சம்பளக்காரர்கள், சரி. ஆனால் புகார்களைச் சோதித்துப் பார்ப்பதிலும் மொழிபெயர்ப்பதிலும் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. பதிப்பு எண், செய்த படிகள், சொந்த விவரங்களை நீக்கிய மாதிரிக் கோப்பு ஆகியவற்றைக் கொடுத்தாலே அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். அதே பிழையை முன்பே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் தேடலாம். நான் தேடவில்லை. எனக்கு முன்பே இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள்.

– ஒரு வாசகர், மதுரை