கோட்டுக்குள்ளேயே இருக்கும் மலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் நவீன ஓவியக் கட்டுரையில், பாரிஸில் வாழ்ந்த சீன ஓவியர் ஜாவ் வூ-கிக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதில் பாதி, அவருடைய ‘ஜூன்–அக்டோபர் 1985’ ஓவியம் 2018இல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போன கதை. மீதி, ‘மேற்கத்திய அரூப (பொருள்களின் உருவத்தைக் காட்டாத) பாணியை எடுத்துக்கொண்டு அதன்மேல் சீன எழுத்தைத் தூவியவர்’ என்ற தீர்ப்பு. விலை இருக்கட்டும். தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

சீனத் தூரிகை எழுத்தில் ஒவ்வொரு கோடும் இயற்கையிடமிருந்து பிறந்தது. 4ஆம் நூற்றாண்டின் வெய் சீமாட்டி பெயரில் வழங்கிவரும் பாடம் ஒன்று உண்டு. அதில் புள்ளி என்றால் சிகரத்திலிருந்து விழும் பாறை, படுக்கைக் கோடு வானம் முழுக்க நீண்ட மேகம், நெடுக்குக் கோடு காலங்காலமாய்க் காய்ந்து தொங்கும் கொடி. எழுதப் பழகும் பிள்ளை பாறையின் கனத்தையும் மேகத்தின் ஓட்டத்தையும் கையில் பழகிக்கொள்கிறது. தூரிகையை அழுத்தினால் கோடு பருக்கும், தூக்கினால் இளைக்கும், மை வற்றும்போது வேகமாக இழுத்தால் நடுநடுவே காகிதத்தின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும். அந்தக் காகிதம் தொட்டவுடன் மையைக் குடித்துவிடும். அழிக்கவோ திருத்தவோ வழியில்லை.

1920இல் பெய்ஜிங்கில் பிறந்த ஜாவ், தாத்தாவிடம் எழுதப் பழகியவர். ஹாங்சோ கலைப்பள்ளியில் படித்து, 1948இல் பாரிஸ் போனார். ‘சீன ஓவியர்’ என்ற முத்திரை விழுந்துவிடக் கூடாதென்று மையோவியத்தை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தார். எழுத்தைத் தூவி அழகு சேர்க்க நினைத்தவர் செய்கிற காரியமா இது? 1954இல் வரைந்த ‘காற்று’ என்ற ஓவியத்தைப் பாருங்கள். எலும்பில் கீறிய பண்டைய சீன எழுத்துகளைப் போன்ற குறிகள் நெடிய திரையில் சிதறி நிற்கின்றன. எதையும் வாசிக்க முடியாது. மரமோ இலையோ இல்லை. ஆனாலும் காற்று வீசுகிறது. போகப்போக அந்தக் குறிகளும் கரைந்து, தூரிகையின் வீச்சு மட்டும் மிஞ்சியது. படங்களுக்குப் பெயர் வைப்பதையும் விட்டுவிட்டு, முடித்த தேதியையே தலைப்பாக்கினார்.

1970களின் தொடக்கத்தில் மனைவி மே நோயில் கிடந்தபோது, பெரிய எண்ணெய் ஓவியங்களில் அவருக்கு மனம் ஓடவில்லை. கவிஞரும் ஓவியருமான நண்பர் ஆன்ரி மிஷோ மறுபடி மையைத் தொடச் சொன்னார். ஒதுக்கிவைத்த மை அப்படித்தான் திரும்பி வந்தது. 1972இல் மே இறந்தார். அதற்குப் பிந்தைய எண்ணெய் ஓவியங்களில் விரியும் வெற்றிடத்தை இந்த மையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே ஹாங்சோ பள்ளியில் படித்த ஓவியர் சூ தே-சுன்னைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான். 1955இல் பாரிஸ் வந்தவர். 1956இல் ஓவியர் நிக்கோலா த ஸ்தாலின் படங்களைப் பார்த்த பிறகு உருவ ஓவியத்தை விட்டார். 1985இல் பனிக்காலத்து ஆல்ப்ஸ் மலைவழியே போய்வந்த பின் அவர் வரைந்த பனி ஓவியங்களில், கருத்த வீச்சுகளின் மேல் வெள்ளைப் புள்ளிகள் தெறித்து விழுகின்றன. மலையின் வெளிக்கோடு ஒன்றுகூட இல்லாமல் பனிப்புயல் கண்முன் நிற்கிறது. தூரிகை எழுத்தையும் அவர் கடைசிவரை விடவில்லை.

ஒரு வேண்டுகோள். ஜாவின் அந்த ‘ஜூன்–அக்டோபர் 1985’ ஓவியம் 10 மீட்டர் அகலம். அதைக் கறுப்பு வெள்ளையில் தீப்பெட்டி அளவுக்கு அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த முறை நடுப்பக்கம் இரண்டையும் கொடுத்து வண்ணத்தில் போடுங்கள். பக்கத்திலேயே பழைய தூரிகை எழுத்துத் தாள் ஒன்றையும் வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வந்ததென்று வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்