மருமகனுக்கு: பெயிண்ட் டப்பா அப்புறம்

அன்புள்ள மருமகனே,

நீ வாங்கியிருக்கும் பழைய தண்ணீர் ஸ்கூட்டரின் நான்கு படங்களும் வந்து சேர்ந்தன. பெயிண்ட் ஆரஞ்சா, கறுப்பில் வெள்ளைக் கோடா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் கடைசியில். என் கண் போய் நின்றது மூன்றாவது படத்தின் மூலையில். எஞ்சின் உட்கார்ந்திருக்கும் குழியின் சுவரில், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறதே, கவனித்தாயா? வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் தங்கிவிடுமே, அந்தக் கோடு. "ஓடிக்கிட்டிருந்த வண்டி, சும்மா நிறுத்தி வச்சோம்" என்று விற்றவர் சொன்னாராம். ஓடியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்போதோ ஒரு நாள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, யாரும் கவனிக்காமல் அப்படியே கிடந்திருக்கிறது.

வாங்கியது தப்பில்லை. நல்ல சாதியைத்தான் பிடித்திருக்கிறாய். இந்த வகை வண்டியை எல்லோரும் ஜெட் ஸ்கீ என்கிறார்கள், ஆனால் ஜெராக்ஸ் மாதிரி அதுவும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமான பெயர், கவாசாகியினுடையது. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரான கிளேட்டன் ஜேக்கப்சன் யோசித்த வண்டி அது. கவாசாகி அதை 1973-ல் நின்று ஓட்டும் வடிவத்தில் கொண்டுவந்தது. உன்னிடம் இருப்பது யமஹாவின் சூப்பர் ஜெட். 1990-ல் வந்த வண்டி, அப்போது 633 சிசி. 1994-ல் 701 ஆனது. 1996-ல் மூக்கு உருண்டையானது. உன்னுடையதற்குச் சதுர மூக்கு, எஞ்சினில் 701. யாரும் எஞ்சினை மாற்றியிருக்காவிட்டால் 94 அல்லது 95-ல் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். டூ-ஸ்ட்ரோக் சூப்பர் ஜெட் 2020 வரை வந்துகொண்டிருந்ததால் உதிரி பாகத்துக்கு நீ அலைய வேண்டியிருக்காது.

இந்த வண்டியில் கெட்டுப்போகிற எதை எடுத்தாலும், இருக்கக் கூடாத இடத்தில் தண்ணீர் இருந்திருக்கும், இல்லையென்றால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போயிருக்கும். எனக்கு இது புரிய இரண்டு எஞ்சின் செலவானது. உனக்குக் கடிதத்தோடு முடியட்டும்.

ஸ்டார்ட்டர் பட்டனைத் தொடாதே. முதலில் இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்று. ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடு. மறுநாள், எஞ்சினையும் பம்பின் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிடித்துக் கையால் சுற்றிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. மணல் அரைபடுகிற மாதிரி நறநற என்றால், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் பேரிங்கில் துரு. அந்த நிலையில் பட்டனை அழுத்தினால் துருத்தூள் பிஸ்டன் வரைக்கும் போய்க் கோடு கிழிக்கும்.

நன்றாகச் சுற்றினால் கம்ப்ரஷன் பார், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு அழுத்தம் ஏற்றுகிறது என்று கேஜ் வைத்துப் பார். கேஜுக்கு கேஜ் எண் மாறும், அதைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் திறந்து பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். நானும் நின்றேன். அதற்கு அடுத்த சோதனையைச் செய்யாததால் மூன்றாவது சவாரியில் ஒரு பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்தது.

அந்தச் சோதனை இதுதான். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் அறையே ஒரு பம்ப். பெட்ரோலும் ஆயிலும் காற்றும் அதற்குள் போய்த்தான் மேலே ஏறும். பல வருடம் சும்மா கிடந்த வண்டியில் கிராங்க் தண்டின் முனைகளில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான கிராங்க் சீல் காய்ந்து அதன் உதடு விறைத்திருக்கும். அந்த வழியாகத் திருட்டுக் காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோல் குறைகிறது, பெட்ரோலோடு வருகிற ஆயிலும் குறைகிறது. சூடும் ஏறி, வழவழப்பும் போனால் பிஸ்டன் என்ன செய்யும்? கார்புரேட்டர் பக்கத்தையும் சைலன்சர் பக்கத்தையும் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் ஏழெட்டு பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்று. அதற்கு மேல் போனால் நல்ல சீலையும் நீயே தள்ளிவிடுவாய். சில நிமிடம் கேஜ் முள் நகராமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவு. எங்கே நுரைக்கிறதோ அங்கே ஓட்டை. தண்ணீர்க் கோடு விழுந்த உன் வண்டிக்கு, நுரை வந்தாலும் வராவிட்டாலும் சீலை மாற்றிவிடு என்றுதான் சொல்வேன்.

கார்புரேட்டரைத் திறக்கும்போது, பெட்ரோல் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிதவையைத் தேடாதே, இருக்காது. கவிழ்ந்து புரளுகிற வண்டியில் மிதவைக் கிண்ணம் வைத்தால் பெட்ரோல் கொட்டிவிடும் என்பதால் ரப்பர்த் தோல் மாதிரி டயாஃப்ரம் வைத்திருக்கிறார்கள். கிராங்க் அறையின் துடிப்புதான் ஒரு சின்னக் குழாய் வழியாக வந்து அதன் பம்பை ஆட்டுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் கிடந்து கிடந்து அந்தத் தோல் அப்பளம் மாதிரி விறைத்திருக்கும். கார்புரேட்டர் கிட் வாங்கி முழுசாக மாற்று, பெட்ரோல் குழாய்களையும் சேர்த்து. ஆயில் கலவை ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. புது பிஸ்டன் போட்டால் முதல் டேங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்று. புகை வந்தால் வரட்டும்.

இப்போது என் முதல் எஞ்சின் செத்த கதை. வீட்டு வாசலில் ஸ்டாண்டில் நிறுத்தி, கூலிங்குக்காக ஹோஸைச் செருகிக் குழாயைத் திறந்துவிட்டு, சாவகாசமாகப் போய் ஸ்டார்ட் செய்தேன். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. எஞ்சினைச் சுற்றி வருகிற தண்ணீர் கடைசியில் சைலன்சருக்குள்தான் விழும். எஞ்சின் ஓடினால் புகை அதை வெளியே தள்ளும். ஓடாதபோது தண்ணீர் தேங்கி, நிரம்பி, பின்னால் ஏறி சிலிண்டருக்குள் போய் உட்காரும். தண்ணீரை நசுக்க முடியுமா? அதனால் எப்போதும் எஞ்சின் முதலில், தண்ணீர் பிறகு. நிறுத்தும்போது தண்ணீர் முதலில், எஞ்சின் பிறகு. தண்ணீர் இல்லாமல் பதினைந்து விநாடிக்கு மேல் ஓடவும் விடாதே. இதைச் சுவரில் எழுதி வை. அக்கா திட்டினால் நான் சொன்னேன் என்று சொல்.

அடுத்தது உடம்பு. நிற்கிற தட்டுக்கு அடியில் மிதப்பதற்காக ஃபோம் அடைத்திருப்பார்கள். இந்த வண்டி காய்ந்த நிலையில் 130, 140 கிலோ இருக்கும். நீயும் உன் நண்பனும் தூக்கி "இடுப்பு போச்சு" என்று எழுதியிருக்கிறாயே, அது சும்மா இல்லை என்று சந்தேகப்படுகிறேன். எடை மேடையில் வைத்துப் பார். கனமாக இருந்தால் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது. ஓட்டை போட்டு வெயிலில் சாய்த்து வைத்தால் வடியும் என்பார்கள். எனக்கு ஒரு கோடை முழுவதும் சொட்டியது, உள்ளே ஈரம் மட்டும் போகவில்லை. தட்டை வெட்டித் திறந்து, நனைந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு திரவம் கலந்து பொங்கவைக்கும் ஃபோமை ஊற்றுவதுதான் வழி. எடுத்துவிட்டுச் சும்மா மூடிவிடாதே. வண்டி முழுகினால் தண்ணீருக்கு மேல் தாங்கிப் பிடிப்பது அந்த ஃபோம்தான்.

வெட்டி மூடுகிற வேலைக்கு ஃபைபர் வேலை தெரிய வேண்டும். தெரிந்த ஆள் ஒருவர் மலிவான பாலியெஸ்டர் ரெசினைக் கையில் கொடுப்பார். வாங்காதே. இந்த வண்டியின் உடம்பு அச்சில் அழுத்திச் செய்தது, பாலியெஸ்டர் அதில் சரியாகப் பிடிக்காமல் ஒரு பருவத்தில் பிளந்து வரும். எபாக்சி போடு. எபாக்சியோடு, நூல் துண்டுகளை ஒட்டிச் செய்த பாய் மாதிரி மேட்டைப் போடாதே. அந்தத் துண்டுகளைப் பிடித்திருக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். நெய்த துணி வாங்கு. ஒட்டும் இடத்தை நாற்பது, அறுபது நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகிறவரை தேய்த்து, அசிட்டோனில் துடை. மாஸ்க் இல்லாமல் தேய்த்தால் நெஞ்சு உன்னுடையது.

பின்பக்கம், தண்ணீரைப் பீய்ச்சி வண்டியைத் தள்ளும் பம்ப் இருக்கிறதே, அதில் உன் பொறுமை சோதிக்கப்படும். அதற்குள் சுற்றும் விசிறியான இம்பெல்லரின் ஓரத்துக்கும் சுற்றியிருக்கும் வளையத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் இருக்கலாம். மணலைக் குடித்து வளையம் தேய்ந்தாலும், பம்ப் உடம்போடு சேரும் இடத்தில் சீலன்ட் விட்டுக் காற்று புகுந்தாலும், எஞ்சின் கத்தும், வண்டி நகராது. கார்புரேட்டரைத் திருகித் திருகி இந்தக் கோளாறைத் தேடியவர்களை எனக்குத் தெரியும். எஞ்சினைத் திரும்ப இறக்கும்போது இரண்டு கப்ளிங்கின் மேலும் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பார், மேலேயும் பக்கத்திலும். வெளிச்சம் தெரிந்தால் எஞ்சினைத் தாங்கும் மவுண்டுக்கு அடியில் ஷிம் என்னும் மெல்லிய தகடு கூட்டியோ குறைத்தோ சரிசெய். போல்ட் தளராமல் பிடிக்கும் பசை, லாக்டைட், மறக்காதே. அலுமினியத்துக்குள் போகிற ஸ்டெயின்லெஸ் போல்ட்டில், இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவு. உப்புத் தண்ணீரில் அவை இரண்டும் கல்யாணம் செய்துகொண்டால் பிரிக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகு உன் ஆசைகளுக்கு வருகிறேன். கால் வழுக்காமல் இருக்கத் தட்டின் மேல் ஒட்டும் மேட்டைப் புதிதாக ஒட்டு, கட்டாயம். பழைய பசையைச் சுரண்ட ஒரு முழு நாள் போகும். ஹேண்டில் பாரை மாற்றலாம், உன் உயரத்துக்கு அது உதவும். கால் செருகும் பிடி வேண்டும் என்கிறாய். இந்த வருடம் வேண்டாம். அது வண்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறவர்களுக்கு. நீ இன்னும் முட்டி போட்டுக் கிளம்பி எழுந்து நிற்கப் பழக வேண்டியவன். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் கணுக்கால் திரும்பிவிடும். தட்டைத் திறக்கிற நேரத்திலேயே அதையும் செய்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள். கையில் மாட்டும் கயிறு உள்ள லேன்யார்ட் சுவிட்சை (நீ விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) மட்டும் புதிதாகப் போட்டு, இழுத்தவுடன் எஞ்சின் நிற்கிறதா என்று பத்துத் தடவை பார். ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆக்சிலேட்டரை விட்டால் இந்த வண்டி திரும்பாது. தண்ணீரைப் பீய்ச்சுவதுதான் இதற்குத் திசை. முட்டப் போகிறோம் என்று பயந்து கையை விட்டால் நேராகப் போய் முட்டுவாய்.

இப்போது நிறம். எபாக்சி மேல், பாலியெஸ்டர் மேல்பூச்சான ஜெல்கோட் நிற்பது சந்தேகம், இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட் வாங்கு. தேய்க்கும் முன் வண்டியின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் அம்புக்குறி இருக்கிறதா பார். கவிழ்ந்தால் எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று சொல்வது அது. மாற்றிப் புரட்டினால் சைலன்சரில் நிற்கும் தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெயிண்ட் காய்ந்ததும் அதே அம்பைத் திரும்ப எழுது. மேலே உன் கறுப்பும் வெள்ளைக் கோடும் இருந்துவிட்டுப் போகட்டும். அடிப்பக்கம் மட்டும் ஆரஞ்சு. முதல் மாதம் முழுவதும் உன் வண்டி கவிழ்ந்துதான் கிடக்கப் போகிறது, கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியப்போவது அடிப்பக்கம்தான்.

பிளக்கைக் கழற்றியதும் அதன் முனையைப் படம் எடுத்து அனுப்பு. கையால் சுற்றும்போது வருகிற சத்தத்தையும் ரெக்கார்ட் செய்து அனுப்பு.

அன்புடன்,
மாமா